ஒயில் மாற்ற ஒக்டோபரா, ஏப்ரலா?

ஸ்காபரோ ப்ளஃபர்ஸ் பார்க்கில் ஏப்ரல் நடுப்பகுதி. ஐந்து பாகை என்று தொலைபேசி சொல்கிறது, ஏரிக் காற்று அதை நம்ப விடவில்லை. குளிர்காலத்துக்காக ஏரியிலிருந்து தூக்கி இரும்புத் தாங்கியில் ஏற்றி வைத்த என் பாய்மரப் படகுக்குள், எஞ்சினுக்கு முன்னால் முழந்தாளிட்டு இருக்கிறேன். ஒயில் அளவு பார்க்கும் கம்பி, அதுதான் டிப்ஸ்டிக், போகும் துளைக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, கைப் பம்பை ஐம்பது தரம் அடித்தாயிற்று. குழாயில் கறுப்பாக ஒரு விரல் நீளம் ஏறியது. அப்படியே நின்றது. இன்னும் ஐம்பது தரம் அடித்தேன், கொஞ்சம் அசைந்தது. ஒரு மணித்தியாலம் கழித்துக் கலனில் சேர்ந்திருந்தது முக்கால் லீற்றர். எஞ்சினுக்குள் இருந்தது ஏறக்குறைய இரண்டு லீற்றர்.

எஞ்சினைச் சூடாக்கினால் ஒயில் இளகி ஓடி வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் படகு தரையில் நிற்கிறது. இந்த எஞ்சின் ஏரித் தண்ணியை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்விக்கும். தண்ணி இல்லாமல் ஓட்டினால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்கள் சில நிமிடத்தில் கருகிப் பிய்ந்துவிடும். குழாய்த் தண்ணி பிடித்து ஓட்டலாம் என்றால், உறைந்து வெடித்துவிடும் என்று பயந்து படகுத்துறை முற்றத்துக் குழாய்களை மே மாதம்வரை திறக்க மாட்டார்கள். வந்த முக்கால் லீற்றரோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

அது நான் படகு வாங்கிய பிறகு வந்த முதலாவது வசந்தம். படகு சி அண்ட் சி 27, 1974ஆம் ஆண்டு, ஒன்ராறியோவிலேயே கட்டியது. முதலில் அதில் அட்டமிக் ஃபோர் என்ற பெற்றோல் எஞ்சின் இருந்ததாம். முந்தின சொந்தக்காரர் அதைக் கழற்றிவிட்டு யான்மார் 2ஜிஎம்20 டீசல் எஞ்சினைப் போட்டிருந்தார். இரட்டைச் சிலிண்டர், 18 குதிரைவலு. நல்ல எஞ்சின், என்னிடம் மாட்டுப்பட்டதுதான் அதன் குறை.

அதற்கு முந்தின ஒக்டோபரில், படகை மேலே ஏற்றுவதற்கு முன்னமே ஒயில் மாற்றவேண்டுமா என்று மச்சானிடம் கேட்டேன். மச்சான் முப்பது வருடமாகக் கார் திருத்துகிறவர்.

"எத்தினை மணித்தியாலம் ஓடினது?"

"நாற்பது வரும்."

"காருக்கு எண்டால் ரெண்டாயிரம் கிலோமீற்றர். அதுக்கு ஆர் ஒயில் மாத்துவினம்? சும்மா விடும் ஐசே. மாத்திறதெண்டால் ஏப்ரலில புதுசா மாத்திப்போட்டு ஓடும்."

எனக்கும் அது வசதியாக இருந்தது. எஞ்சினின் கைநூலிலும் 100 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்றுதான் இருக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு வருடத்துக்குக் கவலையே இல்லை. ஒக்டோபரில் வேறு வேலைகளும் குவிந்துவிடும்: பாயைக் கழற்று, பாய்மரத்தை இறக்கு, மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டு போ. ஒயில் அந்தப் பட்டியலின் அடியில் போய், பட்டியலை விட்டே விழுந்தது.

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். காருக்கு அவர் சொன்னது சரி. படகு எஞ்சின் படும் பாடு வேறு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

பாய்மரப் படகில் எஞ்சின் என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். துறையிலிருந்து வெளியே வர பத்துப் பதினைந்து நிமிடம். பாய் ஏறியதும் நிறுத்திவிடுவோம். ஐந்து மணித்தியாலம் கழித்துத் திரும்பி உள்ளே போக இன்னொரு பதினைந்து நிமிடம். அதுவும் துறைக்குள் மெல்லமாக, சுமையே இல்லாமல். என் நாற்பது மணித்தியாலத்தில் முக்கால்வாசி இப்படித்தான். காரில் ஒரு மணித்தியாலம் நெடுஞ்சாலையில் போனால் ஒயில் நன்றாகச் சூடாகி, அதற்குள் இறங்கிய ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகிவிடும். படகில் ஒயில் சுடத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் எஞ்சினை நிறுத்தியிருப்போம்.

இதில் என் எஞ்சினுக்கு இன்னுமொரு பாதகம். வெளித் தண்ணியால் நேரடியாகக் குளிரும் எஞ்சின்களைச் சூடு குறைவாக ஓடும்படிதான் அமைப்பார்கள். கடல் தண்ணியை அதிகம் சூடாக்கினால் உப்பு படிந்து வழிகள் அடைத்துப்போகும் என்பதால் அப்படி. என் எஞ்சினில், சூட்டைப் பார்த்துத் தண்ணியின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் 42 பாகையளவிலேயே திறக்கத் தொடங்கிவிடும். கார் எஞ்சினில் அது எண்பது, தொண்ணூறு. ஒன்ராறியோ ஏரியில் ஒரு துளி உப்பும் இல்லை, ஆனால் எஞ்சினுக்கு அது தெரியாதே. கடலுக்குச் செய்த எஞ்சின் நன்னீரிலும் அதே குளிர்ச்சியில் ஓடி, ஒயிலுக்குள் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நாற்பது மணித்தியாலத்தின் முடிவில் அந்த இரண்டு லீற்றருக்குள் கரி, எரியாத டீசல், தண்ணி, எரிதலில் பிறந்த அமிலங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். அமிலத்தை முறிக்க ஒயிலுக்குள்ளேயே காரச் சேர்மானம் போட்டுத்தான் விற்கிறார்கள். அது உப்புப் புளி போல, போட்ட அளவுதான் இருக்கும், பாவிக்கப் பாவிக்கக் குறையும். எஞ்சின் ஓடும்போது ஒயில் சுற்றிக்கொண்டிருக்கும், எதுவும் ஓரிடத்தில் தங்காது. நிறுத்தி ஆறு மாதம் வைத்தால் அந்தக் கலவை பெயரிங்கின் மெல்லிய உலோகப் பூச்சிலும் கிராங்க் தண்டிலும் அசையாமல் ஊறும். மணித்தியாலக் கணக்கு ஓடும் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். சும்மா கிடக்கும் காலத்துக்குக் கலண்டர்தான் கணக்கு.

நேர்மையாக ஒன்றும் சொல்லவேண்டும். அமிலக் கதையில் பாதி பழைய டீசலின் கதை. 2006 வரை கனடாவில் வாகன டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்கு வரைக்கும் கந்தகம் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். பிறகு அதை 15 பங்காகக் குறைத்தார்கள். படகுகளுக்கான டீசலும் சில வருடம் கழித்து அதே அளவுக்கு வந்தது. கந்தக அமிலத்தின் தொல்லை முன்னைப்போல இல்லை. ஆகவே ஒரு குளிர்காலம் பழைய ஒயிலோடு கிடந்தால் எஞ்சின் செத்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம். என்னுடையது சாகவில்லை. ஆனால் கரியும் ஈரமும் அப்படியேதான் இருக்கின்றன, சின்ன எஞ்சினில் குறுகிய ஓட்டத்தில் கூடுதலாகவே இருக்கின்றன.

எனக்கு ஒக்டோபரின் அருமையைக் காட்டியது எஞ்சின் ஒயில் அல்ல, கியர்ப்பெட்டி.

எஞ்சின் ஒயிலோடு மல்லுக்கட்டிக் களைத்து, சரி, இதையாவது முடிப்போம் என்று கியர்ப்பெட்டிக்குப் போனேன். அதில் முந்நூறு மில்லிலீற்றரளவுதான் ஒயில். மேல் மூடியைத் திருகிக் கழற்றி, குழாயை அடிவரை விட்டு உறிஞ்சினேன். முதலில் வந்தது தண்ணி. அரைக் குவளை வராது, ஆனால் சுத்தத் தண்ணி. அதற்குப் பின்னால் பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு குழம்பு. மூடியோடு வந்த அளவுக்கம்பியின் நுனியில், தண்ணி நின்ற உயரத்துக்கு ஒரு கறள் வளையம். கறளை விரலால் தேய்த்தால் சிவப்பு ஒட்டியது.

காரணம் பிறகு தெரிந்தது. படகின் அடிக்குழியில் தண்ணி கொஞ்சம் உயர்ந்தால், விசிறியைச் சுற்றும் தண்டின் இணைப்புத் தட்டு அதை அள்ளி அடிக்கும். கியர்ப்பெட்டியின் பின்பக்க ரப்பர் சீல் தேய்ந்திருந்ததால் தண்ணி அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது. ஒயிலும் தண்ணியும் கலந்திருந்தது குளிர்காலம் முழுக்க மெல்லப் பிரிந்து, தண்ணி அடியில் தங்கி, மைனஸ் 20 வந்த இரவுகளில் உறைந்து, பிறகு இளகி, கீழ்ப் பெயரிங்கைத் தின்றிருக்கிறது.

சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். ஒக்டோபரில் பார்த்திருந்தால் ஆறு மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். கியர்ப்பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினி மேசையில் வைத்துக்கூடத் திருத்தியிருக்கலாம், மனைவி விட்டிருந்தால். ஏப்ரலில் பார்த்ததால் பெயரிங்கும் சேர்ந்து போயிருந்தது. படகு மெக்கானிக்குகளுக்கு ஏப்ரலும் மேயும் கோயில் திருவிழாக் காலம் மாதிரி, தொலைபேசியே எடுக்க மாட்டார்கள். ஒருவர் எடுத்தார், ஜூன் கடைசி என்றார். ஜூலை இரண்டாம் கிழமைதான் நான் ஏரியைக் கண்டேன். இங்கே பாய் விரிக்கக் கிடைப்பதே ஐந்து மாதம்.

ஒக்டோபரில் மாற்றுகிறவர்களை நான் அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் துறையில் இரண்டு கட்சி. என் இடப்பக்கத்து இடத்தில் இருக்கும் கிழவர் ஸ்கொட்லாந்துக்காரர், இழுவைக் கப்பல்களில் எஞ்சின் பார்த்து இளைப்பாறியவர். படகை ஏற்றுவதற்கு முதல்நாள் ஒயில் வெளியே வந்தாகவேண்டும் என்பார். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆசிரியர், வசந்தக் கட்சி. அவர் வாதமும் முட்டாள்தனமானதல்ல. ஆறு மாதமும் வெயிலும் குளிரும் மாறி மாறி வர, எஞ்சினுக்குள் இருக்கும் காற்றிலுள்ள ஈரம் உலோகத்தில் வியர்த்து ஒயிலுக்குள் விழுமாம். ஒக்டோபரில் புது ஒயிலை விட்டால் அந்த ஈரத்தைப் புது ஒயிலில் ஏற்றிக்கொண்டு கோடை முழுக்க ஓடுகிறாய், ஏப்ரலில் விட்டால் சுத்தமாகத் தொடங்குகிறாய் என்கிறார்.

வியர்ப்பது உண்மை. ஆனால் மூடிக் கிடக்கும் எஞ்சினுக்குள் போய்வரும் காற்று கொஞ்சம். காற்று உள்ளே போகும் வாயையும் புகைக்குழாயின் வெளி வாயையும் அடைத்துவிட்டால் அது இன்னும் குறையும். பழைய ஒயிலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தோடு ஒப்பிட்டால் இது தூசு. வசந்தத்தில் முதல் ஓட்டத்தை நன்றாகச் சுமையோடு அரை மணித்தியாலம் ஓட்டினால் பெரும்பகுதி போய்விடும். ஆசிரியர் எஞ்சின் ஒயிலைப் பற்றிச் சொல்வதைக்கூட நான் ஏற்றுக்கொள்ளத் தயார், ஆனால் கியர்ப்பெட்டியில் தண்ணி இருந்தால் அதை அவர் ஏப்ரலில்தான் காண்பார். அங்கேதான் நான் அவரோடு முரண்படுகிறேன். ஒயிலை வெளியே எடுத்துப் பார்க்கும்போது எஞ்சின் தன் வருத்தங்களைச் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு ஏதாவது செய்ய அவகாசம் இருக்கும்போது கேட்கவேண்டும்.

இரண்டு தரமும் மாற்றுகிறவர்களும் உண்டு. விருப்பம் உள்ளவர்கள் செய்யட்டும்.

இப்போது நான் செய்யும் விதம் இதுதான். பாரந்தூக்கி வரும் நாளுக்கு முதல்நாள், அல்லது அதற்கு முந்தின கிழமை முடிவில், படகு தண்ணியில் இருக்கும்போதே செய்கிறேன். முதலில் வெளியே போய் அரை மணித்தியாலம் நல்ல வேகத்தில் ஓட்டுவேன், துறையில் கட்டிவைத்து வெறுமனே ஓட விடுவதில்லை. சுமையில்லாமல் ஓடினால் தண்ணி சுடும், ஒயில் சுடாது. திரும்பி வந்து கயிறு கட்டி, எஞ்சினை நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் விடுவேன். அடியில் கிடந்த கரியும் அந்த நேரத்தில் ஒயிலோடு கலந்தே இருக்கும். அடுத்த நாள் காலையில் என்றால் கரி அடியில் படிந்துவிடும், ஒயில் வந்தாலும் ஊத்தை உள்ளேயே தங்கும்.

படகு எஞ்சினின் அடியில் வடிக்கும் திருகாணி இருக்கும், ஆனால் அதற்குக் கீழே பாத்திரம் வைக்க இடம் இருக்காது. ஆகவே டிப்ஸ்டிக் துளை வழியாகத்தான் உறிஞ்சவேண்டும். கையால் அடித்து வெற்றிடம் உண்டாக்கும் ஆறு லீற்றர்க் கலன் ஒன்று வைத்திருக்கிறேன். ஏப்ரலில் ஒரு மணித்தியாலத்தில் முக்கால் லீற்றர் தந்த அதே கலன், சூடான ஒயிலை ஏழெட்டு நிமிடத்தில் இழுத்துவிடுகிறது. குழாய் அடியைத் தொட்டதும் ஒரு விரல் அளவு மேலே தூக்கி, திரும்ப இறக்கி, சரித்து, மூலை மூலையாக உறிஞ்சவேண்டும். இலையில் கடைசிப் பாயசத்தை வழிக்கிற மாதிரி. எவ்வளவு வழித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். புது ஒயில் விட்டு ஐந்து நிமிடம் ஓடியதும் அது மங்கிப்போவது அந்த மிச்சத்தால். முதல் வருடம் நான் அதைப் பார்த்துப் பதறினேன், டீசலுக்கு அது வழமை.

கலனில் வந்த ஒயிலை உடனே மூடி வைக்கக் கூடாது. கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு என்றால் பரவாயில்லை. பால் கலந்த நிறம் என்றால் தண்ணி. நீர்த்துப்போய் டீசல் மணத்தால், அளவும் கூடியிருந்தால், எரிபொருள் பம்பிலிருந்து கசிகிறது. இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்து நெருநெருத்தால், அல்லது மினுங்கினால், மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டியதுதான். அந்தப் போத்தலை மூடித் திகதி எழுதி ஒரு கிழமை அசையாமல் வைப்பேன். அடியில் ஏதாவது பிரிந்தால் தெரியும்.

பில்டர் ஒரு தனி நாடகம். என் எஞ்சினில் அது கிடையாகப் பூட்டியிருக்கிறது. தளர்த்திய உடனே உள்ளே இருக்கும் ஒயில் எல்லாம் எஞ்சினின் பக்கத்தால் வழிந்து நேரே அடிக்குழிக்குப் போகும். ஒரு வருடம் போனது. அடிக்குழிப் பம்ப் தானாகவே வேலை செய்து அதைத் துறைத் தண்ணிக்குள் தள்ளியிருந்தால் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்து, தண்டமும் வந்திருக்கும். நல்ல வேளை, மச்சான் பம்பின் சுவிச்சை முன்னமே நிறுத்தியிருந்தார். இப்போது அதுதான் என் முதல் வேலை. பிறகு பில்டரை ஒரு தடித்த சொப்பிங் பைக்குள் முழுதாக நுழைத்து, பையின் வாயை எஞ்சினோடு அழுத்திப் பிடித்தபடி கையால் திருகுவேன். ஒயில் பைக்குள் விழும், பில்டரும் பின்னால் விழும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால், ஸ்டார்ட் பண்ணிய சில வினாடியில் ஒயில் எல்லாம் வெளியே. புது வளையத்தில் ஒரு சொட்டு ஒயில் தடவி, தொட்ட இடத்திலிருந்து கையால் முக்கால் சுற்று. ஸ்பனர் போட்டு முறுக்கினால் அடுத்த வருடம் அழுவீர்கள்.

15டபிள்யூ-40 டீசல் ஒயில் ஒன்றரை லீற்றர் விட்டு, பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். எல்லாம் படகு தண்ணியில் நேராக மிதக்கும்போது. தாங்கியில் ஏற்றியபின் படகு எப்படிச் சரிந்து நிற்கிறதோ அப்படித்தான் கம்பியும் பொய் சொல்லும். கூட விடுவதும் பிழை, அதிக ஒயில் சீல்களை அழுத்திக் கசியும். பிறகு ஐந்து நிமிடம் ஓட்டவேண்டும். இதைச் செய்யாவிட்டால் புது ஒயில் கீழ்ச் சட்டிக்குள்ளேயே கிடக்கும், பெயரிங்குகளில் பழையதுதான் ஒட்டியிருக்கும். நான் இரண்டாவது வருடம் அந்தப் பிழையைச் செய்தேன். மாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பாரந்தூக்கிவரை பத்து நிமிடம் ஓட்டிப் போனால் புது ஒயில் ஊத்தையாகிவிடாதா என்று மச்சான் கேட்டார். ஆகாது. பத்து நிமிடத்தின் கரி ஒரு பொருட்டல்ல.

கியர்ப்பெட்டியை அதே நாளில், அதே சூட்டில். முந்நூறு மில்லிலீற்றருக்கு ஒரு சாட்டும் சொல்ல முடியாது.

உறைவைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் ஒயிலைவிட வேகமாக எஞ்சினைக் கொல்லுவது அதுதான். படகு மேலே ஏறியதும் எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் வடிகால் திருகுகளைத் திறந்து தண்ணியை வெளியே விடவேண்டும். கறள் செதில் அடைத்துக்கொண்டு, ஒன்றும் வராததைப் பார்த்துக் காலி என்று நினைக்கவைக்கும், ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பிறகு இளஞ்சிவப்பு உறைதடுப்பி. வாளியில் ஊற்றி எஞ்சின் அதை உறிஞ்சும்படி ஓட்டி, பின்னால் புகைக்குழாயில் சிவப்பாக வரும்வரை. போத்தலில் மைனஸ் 50 என்று போட்டிருக்கும், அது குழாய் வெடிக்காத எல்லை. மைனஸ் பத்துப் பன்னிரண்டிலேயே அது குழையத் தொடங்கிவிடும், உள்ளே மிஞ்சிய தண்ணியோடு கலந்தால் இன்னும் முன்னமே. எஞ்சின் சூடாகாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும், உறைதடுப்பி சுற்றுவழியால் ஓடி வெளியே வந்துவிடும். சிவப்பைக் கண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள், சிலிண்டரைச் சுற்றி வெறும் தண்ணி நிற்கும். நான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். கடைசியில் பம்பின் ரப்பர் சுழலியையும் கழற்றிவிடுவேன், ஆறு மாதம் ஒரே வளைவில் நின்றால் அதன் இதழ்கள் அப்படியே மடிந்துபோகும்.

பழைய ஒயிலை நகரசபையின் கழிவு சேர்க்கும் நிலையத்தில் கொடுக்கிறேன், சும்மாவே எடுப்பார்கள். செலவு என்று பார்த்தால் இரண்டு லீற்றர் ஒயிலும் ஒரு பில்டரும் குடும்பத்தோடு கொத்துரொட்டி சாப்பிடும் காசுதான் வரும். வேலை பின்னேரம் இரண்டு மணித்தியாலம்.

கழற்றிய ரப்பர் சுழலியை ஒரு பைக்குள் போட்டு எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வைப்பேன். சாவியை எடுக்கிறவன் கையில் சுழலியும் வரவேண்டும், அது இல்லாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று நினைவு வரவேண்டும். எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் ஒரு டேப் துண்டில் திகதி, ஓடிய மணித்தியாலம், போத்தலில் என்ன கண்டேன் என்று எழுதுவேன். போன ஒக்டோபர் வரியில் "நல்லம்" என்று மட்டும் இருக்கிறது.

வசந்தத்தில் ஒயில் வேலை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதோடு சரி. பால் நிறம் இல்லாவிட்டால் மாற்றுவதில்லை. முதலாவது ஸ்டார்ட்டுக்கு முன், நிறுத்தும் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி ஐந்தாறு வினாடி எஞ்சினைச் சுழற்றுவேன், எரியாமல். ஒயில் மேலே ஏறி ஈரமாக்கட்டும் என்று. அதற்குமேல் சுழற்றக் கூடாது. எஞ்சின் பிடிக்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் குளிர்விக்கும் தண்ணி புகைக்குழாய்ப் பெட்டியில் நிறைந்து, பின்பக்கத்தால் சிலிண்டருக்குள் போய்விடும்.

படகு இறக்கும் நாளில் பட்டியில் தொங்கியபடியே தண்ணியைத் தொடும். பாரந்தூக்கிக்காரர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், பின்னால் முப்பது படகு வரிசையில் நிற்கும். தண்ணி வரும் வால்வைத் திறந்து, அடிக்குழியைப் பார்த்து, தண்டு நுழையும் இடத்தில் கசிகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக இரண்டு டிப்ஸ்டிக்கையும் இழுப்பேன். எஞ்சினில் பிளேன்ரீ நிறம், கியர்ப்பெட்டியில் அதைவிட வெளிர். பக்கத்தில் நின்ற மச்சான் துணியை நீட்டினார்.

"சரி, அடியும்" என்றார். அடித்தேன்.